உன் தலையில் வைத்த கை

பாப்பாவுக்கு,

உன் புத்தகத்தை முந்தாநாள் படித்து முடித்தேன். ஐந்நூற்று நாற்பது பக்கம். ஒரு நாவலுக்குப் பதினெட்டு நாள் எடுத்துக்கொண்டவன் திண்டுக்கல் வட்டாரத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். "என்ன, பரீட்சைக்கா படிக்கிறீங்க, பென்சில வச்சுக் கோடு போட்டுக்கிட்டு" என்று உன் அம்மா தினமும் கேட்டாள். போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டு, படித்தீர்களா என்று கேட்டபோது, நல்லாருக்கும்மா என்று சொல்லி ஃபோனை அவளிடம் கொடுத்துவிட்டேன். நல்லாத்தான் இருக்கிறது, அதில் பொய் இல்லை. ஆனால் சொல்ல வேண்டியது அது இல்லை. ஃபோனில் சொன்னால் நீ "என்னப்பா, என்னப்பா" என்று மூன்று தடவை கேட்பாய். இதை மூன்று தடவை சொல்ல எனக்குத் தெம்பு கிடையாது. ஒரு தடவை எழுதுவதற்கே நாலு தாளைக் கிழித்துப் போட்டிருக்கிறேன்.

முதலில் புத்தகம். ஆரம்பத்திலேயே வரைபடம், அப்புறம் மூன்று பக்கத்துக்கு வம்சாவளி. ஒரு சப்மெர்சிபிள் மோட்டாருக்குக்கூடக் கம்பெனிக்காரன் இத்தனை படம் போட்டுத் தரமாட்டான். யார் யாருக்கு மைத்துனன் என்று முன்னால் புரட்டிப் புரட்டிப் பார்த்தே எழுபது பக்கம் போனது. எனக்கு எரிச்சல்தான் வந்தது. மந்திரக்கோல், பறக்கிற குதிரை, தாடி வைத்த கிழவன் என்று எதையோ எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன். உன் கருமலை நாட்டில் அது ஒன்றும் இல்லை. அங்கே சத்தியம்தான் மாயம். ஒரு பொருளின் மேல் கையை வைத்துச் சத்தியம் செய்தால் அந்தப் பொருளில் இருந்து சத்தியம் செய்தவனுக்குச் சக்தி வருகிறது. கல்லின் மேல் செய்தால் பூட்டிய கதவு திறக்கும். மரத்தின் மேல் செய்தால் மழை வரும். தான் உயிராய் நினைக்கிற மனுஷத் தலையின் மேல் செய்தால் ஒரு ராஜ்ஜியத்தையே புரட்டலாம். இதுவரைக்கும் நன்றாக யோசித்திருக்கிறாய் என்று நினைத்தேன். அதற்கு அடுத்த பக்கத்தில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சத்தியத்தை மீறினால், மீறியவனுக்கு ஒன்றும் ஆகாது. எதன் மேல் கை வைத்தானோ அதிலிருந்து ஒரு பங்கு போய்விடும். கல் விரியும், மரம் ஒருபக்கம் பட்டுப்போகும், மனுஷனாக இருந்தால் கண், காது, பேச்சு என்று ஏதாவது ஒன்று.

அந்த நாட்டில் ராஜாவைப் பதினைந்து குறுநிலத் தலைவர்கள் கூடி ஓலை போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். எட்டு ஓலை விழுந்தவன் ராஜா. எதிராளி விலை பேசிவிடாமல் இருக்க, ஓலை போடும் நாள் வரைக்கும் ஒரு கூட்டத்தை மலைமேல் ஒரு மாளிகையில் அடைத்து வைக்கிறார்கள். அமைச்சர் வல்லியன், தன் நண்பனுக்குத்தான் ஓலை போடுவேன் என்று தன் மகள் தென்னியின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்கிறார். அப்புறம் எதிராளிக்குப் போடுகிறார். ஏழுக்கு எட்டு. பத்தாம் நாள் தென்னி தூங்கி எழுந்திருக்கிறாள். "அவளுடைய இடப்பக்கத்து உலகம் பேசாமல் போயிருந்தது" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரிக்குக் கீழே என் பென்சில் கோடு கிடையாது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கடைக்குப் போய், யாரோ மறுநாள் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்ன மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

உனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது, பாப்பா. இந்தப் பத்தொன்பது வருஷமும் தெரியாது.

அப்போது உனக்கு ஒன்பது வயது. நான் நம்மூர்ப் பேரூராட்சியில் புதிதாக ஜெயித்த கவுன்சிலர். வெள்ளை வேட்டி நாலு வாங்கி, மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றுகிற கடையிலும் அதையே கட்டிக்கொண்டு கிரீஸ் கறையோடு திரிந்தேன். சேர்மனைக் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பதினைந்து பேரில் என்னையும் சேர்த்து எட்டு பேர், சேர்மனுக்கு நின்ற சவரி மாமா பக்கம். அவனும் நானும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள், அவன் தோட்டத்து மோட்டாரில்தான் நான் தொழிலே கற்றுக்கொண்டேன். கொடைக்கானலுக்கு வேனில் கூட்டிப் போவதற்கு முந்தின நாள் அவன் நம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். என்மேல் சந்தேகம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. மற்றவர்கள் சூடத்தை அடித்துச் சத்தியம் செய்திருக்கிறார்கள், நான் அதற்கு மேலே ஏதாவது காட்டிக்கொள்ள வேண்டாமா? வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த உன்னைக் கூப்பிட்டேன். "புள்ளய எதுக்குப்பா கூப்புடுற, வேணாம்" என்று அவன் சோற்றில் கையை வைத்தபடியே சொன்னான். நான் கேட்கவில்லை. நீ பென்சிலைக் கையில் பிடித்தபடி வந்து நின்றாய். உன் தலையில் கையை வைத்து, என் ஓட்டு சவரிக்குத்தான், இது என் மகள்மேல ஆணை என்றேன். அன்றைக்கு உன் தலையில் விளக்கெண்ணெய் வைத்து வாரியிருந்தது. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டது வரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அமைச்சரிடம் எதிராளியின் தூதன் பேரம் பேசும் இடத்தைத் தாமரைக் குளக்கரையாக எழுதியிருக்கிறாய். நிலா, அன்னம், யாழ் சத்தம் எல்லாம் இருக்கிறது. நிஜத்தில் அது வத்தலக்குண்டில் ஒரு டீக்கடைக்குப் பின்னால் இருந்த கழிவறை. நாலு நாள் கொடைக்கானலில் அடைத்து வைத்துவிட்டு, ஓட்டுப் போட இறக்கிக்கொண்டு வரும்போது டீ குடிக்க வேனை நிறுத்தினார்கள். செல்ஃபோனையெல்லாம் பிடுங்கி வைத்திருந்தவர்கள் ஒன்றுக்குப் போவதற்குக் காவல் போடவில்லை. எதிர்க்கட்சி ஆள் அங்கே எனக்காகவே நின்றுகொண்டிருந்தான். பேரூராட்சித் தண்ணீர் மோட்டார் வேலை அத்தனையும் இனி என் கடைக்குத்தான் என்றான். உன் அமைச்சருக்கு நாற்பது பக்கத்துக்கு மனப் போராட்டம் எழுதியிருக்கிறாய். எனக்கு நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. ரகசிய ஓட்டு, எவனுக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன், அவ்வளவுதான். நினைத்தபடியே எவனுக்கும் தெரியவில்லை. எட்டு பேரில் யார் மாறினான் என்று ஆளுக்கு ஆள் சந்தேகப்பட்டு நாலு குடும்பம் பேச்சை நிறுத்தியது. நானும் அவர்களோடு உட்கார்ந்து அந்தத் துரோகி விளங்குவானா என்று திட்டினேன்.

அடுத்த வாரம் முதல் மோட்டார் டிராக்டரில் வந்து இறங்கியது. நீ பள்ளிக்கூடப் பையோடு வந்து பார்த்துவிட்டு, "சவரி மாமா தோத்துட்டாங்கல்ல, அப்புறம் எப்படிப்பா நமக்கு வேலை வந்துச்சு?" என்று கேட்டாய். போய்ப் படி என்றேன். நீ கேட்டது அந்த ஒரு தடவைதான். உனக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று இப்போது புரிகிறது. எனக்கு அப்போது புரியவில்லை.

அதற்கு மூன்றாம் நாள் உனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. தெருவில் பாதிப் பிள்ளைகளுக்கு வந்திருந்தது. உன் அம்மா தன் தங்கச் சங்கிலியைக் கழற்றி உன் கழுத்தில் போட்டு, தாடையில் மஞ்சளைப் பூசி, கஞ்சியாகக் கொடுத்தாள். வீக்கம் வடிந்தது. நீ எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகுதான், இடதுபக்கத்தில் இருந்து கூப்பிட்டால் நீ திரும்புவதில்லை என்று அவள் கண்டுபிடித்தாள். இந்த நோய் வந்தால் சில பிள்ளைகளுக்கு இப்படி ஆவது உண்டு, போனது போனதுதான் என்று டாக்டர் சொன்னார். உன் அம்மா அழுதாள். நான் அழவில்லை. எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன், அதை யாரிடமும் சொல்லவும் முடியாது என்பதும் தெரிந்தது. உன் அமைச்சராவது அரண்மனையைவிட்டுத் தெருவில் ஓடி மண்ணில் விழுந்து கத்துகிறார். நான் மறுநாள் பேரூராட்சிக் கூட்டத்துக்குப் போய் மிக்சர் தின்றுவிட்டு வந்தேன்.

"தம்பியெல்லாம் அடி வாங்குறான், எனக்கு மட்டும் ஏன்ப்பா ஒரு திட்டுகூட விழ மாட்டேங்குது?" என்று பன்னிரண்டு வயதில் நீ சண்டைக்கு வந்தாய். கணக்கில் பதினெட்டு வாங்கியதற்குக்கூட உன்னைத் திட்டாத அப்பன்மேல் உனக்குக் கோபம். உன்னைத் திட்ட நான் யார்? பஸ்ஸில், கல்யாண வீட்டில், சாப்பாட்டுப் பந்தியில் எப்போதும் உன் வலதுபக்கமாகப் பார்த்து உட்கார்ந்தேன். அதைப் பாசம் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். உனக்கு நான் செய்த இன்னொரு தப்பும் அதிலேதான் இருக்கிறது. காது கேட்காததை வெளியில் சொல்லாதே, கல்யாணத்துக்கு ஆகாது, வேலைக்கு ஆகாது என்று நான்தான் உனக்குச் சொல்லி வளர்த்தேன். நீயும் ஆள் பேசும் வாயைப் பார்த்துப் பார்த்துச் சமாளித்துப் படித்து, சென்னையில் வேலையும் வாங்கிவிட்டாய். அது தப்பு, பாப்பா. ஆபீசில் சொல்லிவிடு. இந்தப் பக்கம் வந்து பேசுங்கள் என்று உரக்கச் சொல். கூச்சப்பட வேண்டியவன் நான், நீ இல்லை. நான் மறைத்தது என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

மூன்று வாரத்துக்கு முன்னால் நீ அம்மாவிடம் சொன்னதை அவள் என்னிடம் சொல்லிவிட்டாள். வலது காதும் மங்குகிறது, பெரிய டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்கிறாராம். அப்பாவிடம் சொல்லாதே, உடைந்துவிடுவார் என்றாயாம். அவள் என்றைக்கு எதை வயிற்றில் வைத்திருந்தாள்? அவள் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், நான் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் முதல்முறையாக அவளிடம் சொன்னேன். உன் தலை, வத்தலக்குண்டு, ஓட்டு எல்லாம். அவள் உரிப்பதை நிறுத்தவில்லை. கடைசியில், "தெருவுல ஏழு புள்ளைகளுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்துச்சு. அவங்க அப்பனெல்லாம் யாருக்கு ஓட்டுப் போட்டானுங்க?" என்று கேட்டாள். மற்ற ஆறு பிள்ளைகளுக்கும் காது நன்றாகத்தானே கேட்கிறது என்றேன். அவள் வெங்காயத்தை அள்ளிக்கொண்டு எழுந்து போனாள். அப்புறம் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. அது ஓட்டுக்காக இல்லை, இத்தனை வருஷம் சொல்லாததற்காக.

உன் புத்தகத்தில் முந்நூற்று எண்பதாம் பக்கத்தில் ஒரு வழி இருக்கிறது. நீயே எழுதியது, உனக்கு ஞாபகம் இருக்கும். மீறிய சத்தியத்தை ஒருவன் மட்டும் அவிழ்க்கலாம். யாருக்குச் சத்தியம் செய்து கொடுத்தோமோ அவன் தன் வாயால் "விட்டேன்" என்று சொல்ல வேண்டும். சொன்னால் போனது திரும்பாது, ஆனால் இருப்பது மிஞ்சும். இருப்பது மிஞ்சும் என்ற இடத்தில் பென்சில் உடைகிற அளவுக்குக் கோடு போட்டிருக்கிறேன். நீ சிரிப்பாய். அறுபத்திரண்டு வயது ஆள், ஐ.டி.ஐ. படித்தவன், கதைப் புத்தகத்தைப் பார்த்துப் பரிகாரத்துக்குக் கிளம்பினானா என்று கேட்பாய். வேறு என்ன செய்யச் சொல்கிறாய்? டெஸ்டை டாக்டர் எடுக்கிறார், பக்கத்தில் இருந்து உன் சிநேகிதி பார்த்துக்கொள்கிறாள். நான் இங்கே உட்கார்ந்து செய்வதற்கு ஒரு துரும்பு வேலைகூட இல்லை. அந்தப் பக்கத்தைப் படித்த மறுநாள் காலையில் பஸ் ஏறிவிட்டேன்.

சவரி இப்போது நிலக்கோட்டைப் பக்கம் மகனோடு இருக்கிறான், மல்லிகைத் தோட்டம். என்னைப் பார்த்ததும், "வாப்பா, இந்த மோட்டார் சத்தத்தச் செத்தக் கேளு, ஒரு மாதிரி உறுமுது" என்றான். பதினைந்து வருஷம் கழித்துப் பார்க்கிறவனிடம் பேசுகிற பேச்சா? எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது. ஸ்டார்டர் பெட்டியைத் திறந்து கெபாசிட்டரைக் கழற்றினேன். முகத்தைப் பார்க்காமல், பெட்டிக்குள் கையை வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். உன் காதைச் சொன்னேன், புத்தகத்தைச் சொன்னேன், விட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு சவரி என்று கேட்டேன். உன் காதுக்காக அவனுக்குக் கண் கலங்கியது, அதை நான் பார்த்தேன்.

"அத இன்னுமா சொமந்துக்கிட்டுத் திரியிற" என்றான். "நான் அன்னைக்கே ஒன்ன நம்பலப்பா. ஓட்டுப் போடப் போறவன் எவனும் புள்ளயக் கூப்புட மாட்டான். நீ பாப்பாவக் கூப்புட்டப்பவே எனக்கு ஏழு ஓட்டுதான்னு தெரிஞ்சு போச்சு."

தெரிந்தும் ஏன் கேட்கவில்லை என்றேன். கேட்டு என்ன ஆகப்போகிறது, சோறு போட்ட வீடு என்றான். மறுபடியும் கெஞ்சினேன். "நம்பாத சத்தியத்த நான் என்னத்த விடுறது? ஒனக்காகச் சொல்லச் சொன்னா சொல்றேன். விட்டேன். போதுமா?" என்றான். அவன் மனைவி ஒரு பொட்டலம் பூ கட்டிக் கொடுத்தாள், உன் அம்மாவுக்கு. மோட்டார் சரியாக ஓடியது.

திரும்பி வரும்போது பஸ் முழுக்கப் பூ மூட்டை. அந்த வாசனையில் எனக்குத் தலை லேசாகி, ஒரு நிம்மதிகூட வந்தது. உன் கதையில் அரண்மனைப் புலவர் சொல்கிறாரே, கேட்டவன் நம்பாத சத்தியம் வெறும் காற்று, அதற்குச் சக்தியும் இல்லை, தண்டனையும் இல்லை என்று. சவரி நம்பவில்லை. அப்படியானால் அது சத்தியமே இல்லை, உன் காதுக்கும் என் ஓட்டுக்கும் சம்பந்தம் இல்லை. செம்பட்டி வரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். செம்பட்டியில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை பென்சில் டப்பாவோடு ஏறியது. அப்போதுதான் அன்றைக்கு மிச்சம் நடந்தது ஞாபகம் வந்தது. நான் கையை எடுத்த பிறகு நீ உள்ளே ஓடிவிடவில்லை. சவரியின் இலைக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, "கவலப்படாதீங்க மாமா, எங்கப்பா சொன்னாச் செஞ்சுருவாங்க" என்றாய்.

அந்த அறையில் என்னை நம்பியது நீ ஒருத்திதான். எனக்கே என்மேல் அவ்வளவு நம்பிக்கை இருந்திருக்காது. அப்படியானால் நான் சத்தியம் செய்து கொடுத்தது சவரிக்கு இல்லை, உனக்கு. அவிழ்க்க வேண்டியவளும் நீதான். விட்டேன் என்று நீ சொல்ல வேண்டும். அதைச் சொல்லு என்று உன்னிடம் கேட்க எனக்கு வாய் இல்லை, தாயி. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பேன்? உன்னிடம் எடுத்ததையும் எடுத்துவிட்டு, எனக்கு நிம்மதி கொடு என்று உன்னிடமே வந்து நிற்பதா? கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. அன்றிலிருந்து கடையில் காயில் சுற்றினால் எண்ணிக்கை தவறுகிறது, பிரித்துப் பிரித்துச் சுற்றுகிறேன்.

புதன்கிழமை டெஸ்டுக்கு நானும் வருகிறேன். சத்தியமாக வருகிறேன் என்று எழுதி, அதை அடித்திருக்கிறேன் பார். வருகிறேன். வைகை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டாயிற்று. ரயில் நிலையத்துக்கு வராதே, நானே விசாரித்து வந்துவிடுவேன். உள்ளே உன்னை அந்தக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைப்பார்கள் என்று அம்மா சொன்னாள். நான் வெளியே இருப்பேன். எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்றுதான் தெரியவில்லை.

இரண்டாம் பாகத்தில் அமைச்சரை என்ன செய்வது என்று தெரியவில்லை, அப்பாவைக் கேட்டுச் சொல்லுங்கள் என்று அம்மாவிடம் சொன்னாயாமே. யோசித்துப் பார்த்தேன். கழுவில் ஏற்றினாலும் சரி, நாடு கடத்தினாலும் சரி, மாடு மேய்க்க விட்டாலும் சரி, உன் இஷ்டம். தென்னி அவரை மன்னிக்க வேண்டும் என்றும் இல்லை. நீ எழுதினால் நடந்துவிடுமோ என்று பயப்படுகிற அளவுக்கு உன் அப்பன் இப்போது ஆகிவிட்டான், அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவரை என்ன வேண்டுமானாலும் செய்துகொள். அந்தப் பிள்ளையின் வலது காதை மட்டும் தொடாதே.

அப்பா